மோட்டாரை நிறுத்துவது யார்?

டீ வந்துவிட்டது. ஆறுவதற்குள் ஒரு கேள்வியைப் போட்டு வைப்போம். கென்யாவின் புல்வெளியில் இரண்டு பபூன் குரங்குகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் காலையில் சிங்கம் துரத்தியது. மரத்தில் ஏறித் தப்பித்துவிட்டது. இன்னொன்றை யாரும் துரத்தவில்லை. ஆனால் அது உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் பத்தடி தள்ளி, காரணமே இல்லாமல் வந்து கடித்துவைக்கும் பழக்கமுள்ள ஒரு பெரிய ஆண் படுத்திருக்கிறது. எழுந்து வருமா, வராதா, தெரியாது. நேற்றும் அப்படித்தான், நாளைக்கும் அப்படித்தான். மாலையில் இரண்டின் இரத்தத்தையும் எடுத்துப் பார்த்தால் எதில் மன அழுத்தத்தின் தடயம் அதிகம் இருக்கும்?

சிங்கத்தைப் பார்த்த குரங்கில் என்றுதான் பலரும் சொல்வார்கள். இரண்டாவதில்தான் என்பதற்கே வாய்ப்பு அதிகம். ஏன் என்று பார்க்க, முதலில் தோலுக்குள் போக வேண்டும்.

குரங்குக்கும் நமக்கும் இந்த விஷயத்தில் உடம்பின் ஏற்பாடு ஏறக்குறைய ஒன்றேதான். ஆபத்து கண்ணில் பட்டதும் முதலில் வருவது அட்ரினலின். நொடிகளில் வந்துவிடும். நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வேகமாகிறது, கால் தானாக ஓடத் தயாராகிறது. அதற்குப் பின்னால் நிதானமாக, சில நிமிடங்கள் எடுத்துக்கொண்டு, இன்னொரு ஹார்மோன் வருகிறது. அதுதான் கார்டிசால். ஹார்மோன் என்றால் வேறொன்றுமில்லை. உடம்பின் ஒரு மூலையில் சுரந்து, இரத்தத்தில் கலந்து, வேறு மூலையில் வேலை செய்யும் இரசாயனம்.

கார்டிசால் வரும் வழி மூன்று படி. மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதாலமஸ் என்றொரு சிறு பகுதி இருக்கிறது. அது தனக்குக் கீழே தொங்கும் பிட்யூட்டரி சுரப்பிக்கு உத்தரவு கொடுக்கிறது. பிட்யூட்டரி ஏசிடிஎச் என்ற ஹார்மோனை இரத்தத்தில் விடுகிறது. அது உடம்பைச் சுற்றிக்கொண்டு, சிறுநீரகங்களின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்குப் போய்ச் சேர்கிறது. அவற்றின் வெளிப்பக்கத்து அடுக்கு கார்டிசாலைச் சுரக்கிறது.

சுரந்த கார்டிசால் என்ன செய்கிறது? கல்லீரலிலிருந்து சர்க்கரையை இரத்தத்துக்குக் கொண்டுவருகிறது. ஓடுகிற தசைக்கு அதுதானே தேவை. உடனடி அவசரமில்லாத வேலைகள் தள்ளிப்போடப்படுகின்றன. வளர்ச்சி, இனப்பெருக்கம், காயத்தை ஆற்றும் நெடுநாள் பணி எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். சிங்கம் பின்னால் வரும்போது கருமுட்டையை முதிரவைத்துக்கொண்டிருப்பதில் என்ன பயன்? உயிர் தப்பினால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். நோய் எதிர்ப்பின் வேகத்தையும் கார்டிசால் அடக்கி வைக்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும். எல்லோருக்கும் இருக்கும் ஒரு தவறான எண்ணம் இங்கேதான் குடியிருக்கிறது. கார்டிசால் என்றாலே கெட்டது, உடம்பில் சேரும் விஷம், அது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்று நினைக்கிறோம். ‘மன அழுத்த ஹார்மோன்’ என்று பத்திரிகைகள் அதற்கு வைத்த பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. கொலஸ்டிராலைக் கேட்டு முகம் சுளிப்பதைப் போலவே இதன் பெயரைக் கேட்டும் சுளிக்கப் பழகிவிட்டோம்.

கார்டிசால் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை மருத்துவ உலகம் வெகுகாலத்துக்கு முன்பே பார்த்துவிட்டது. இலண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் 1855இல் ஒரு நோயை விவரித்து எழுதினார். நோயாளிகள் நாளுக்கு நாள் சோர்ந்து, எடை குறைந்து, தோல் கறுத்து இறந்துபோனார்கள். அட்ரினல் சுரப்பிகள் கெட்டுப்போனதுதான் காரணம். அந்தக் காலத்தில் அதற்குச் சிகிச்சை இல்லை. அதே குடும்பத்து ஹார்மோனான கார்டிசோனைப் பிரித்தெடுத்து மருந்தாக்கிய வேலைக்காக 1950இல் மூன்று பேருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று ஆஸ்துமா, மூட்டுவாதம், தோல் அரிப்பு என்று மருத்துவர் எழுதித் தரும் ‘ஸ்டீராய்டு’ மருந்துகள் கார்டிசாலின் உறவுக்காரர்கள்தான். கோவிட் காலத்தில் மூச்சுத் திணறியவர்களுக்குக் கொடுத்த டெக்ஸாமெத்தசோனும் அப்படியே. கட்டுமீறிப் போன நோய் எதிர்ப்பை அடக்கத்தான் அதைக் கொடுத்தார்கள்.

மன அழுத்தமே இல்லாத நாளிலும் கார்டிசால் சுரந்துகொண்டேதான் இருக்கிறது. நாம் கண்விழிக்கும் வேளையில் உச்சத்தில் இருக்கும். பொழுது ஏற ஏற இறங்கி, நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்கு வரும். பகலில் நடமாடும் குரங்குகளுக்கும் இதே ஒழுங்குதான். காலையில் எழுந்து நிற்க வைப்பதில் அதற்கும் பங்குண்டு என்று தெரிந்தால், அதை விஷம் என்று சொல்ல நாக்கு கொஞ்சம் கூசும்.

அப்படியானால் கெடுதல் எங்கே வருகிறது? வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்வோம். மோட்டார் போட்டால் தண்ணீர் ஏறுகிறது. மேலே ஏறும் தண்ணீர் மிதவையைத் தூக்குகிறது. மிதவை போய் மோட்டாரை நிறுத்துகிறது. ஏறிய தண்ணீரே தன் வரவை நிறுத்திக்கொள்கிறது. கார்டிசாலும் அப்படித்தான். இரத்தத்தில் அது போதுமான அளவு ஏறியதும் மூளைக்குத் திரும்பிப் போய், ஹைபோதாலமஸிடமும் பிட்யூட்டரியிடமும் ‘போதும்’ என்று சொல்கிறது. உத்தரவு நிற்கிறது, சுரப்பும் நிற்கிறது. சிங்கம் துரத்திய பபூனுக்கு நடந்தது இதுதான். தொட்டி சட்டென்று நிறைந்தது. ஆபத்து போனதும் மோட்டார் நின்றது. மாலைக்குள் மட்டம் பழையபடி ஆகிவிட்டது. மிதவை மந்தமாகிப் போனால்தான் வினை. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், சுவரெல்லாம் ஊறும்.

அந்த ஊறலின் விளைவுதான் நாம் அஞ்சுகிற பட்டியல்: இரத்த அழுத்தம், சர்க்கரை, அடிக்கடி தொற்று, தூக்கமின்மை, தடுமாறும் மாதவிடாய். மூளையில் நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியும் இதற்கு இலக்காகிறது. அந்தப் பகுதிக்கு மோட்டாரை நிறுத்தச் சொல்வதிலும் ஒரு பங்குண்டு என்பதால், சேதம் சேதத்தை வளர்க்கும் அபாயம் இருக்கிறது.

இதையெல்லாம் காட்டில் போய் அளப்பது எப்படி? ஒரு குரங்கைத் துரத்திப் பிடித்து ஊசி போட்டால், பிடித்ததாலேயே அதன் கார்டிசால் ஏறிவிடும். அளக்கப் போன கையே அளவைக் கெடுத்துவிடும். 1978இல் கென்யாவின் மசாய் மாராவுக்குப் போன ராபர்ட் சபோல்ஸ்கி என்ற இளம் அமெரிக்க ஆய்வாளர் இதற்கு ஒரு வழி கண்டார். ஊதுகுழலில் மயக்க ஊசியை வைத்து, குரங்கு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஊதுவது. அது மயங்கியதும் சில நிமிடங்களுக்குள் இரத்தம் எடுத்துவிடுவது. ஏறுவதற்குக் கார்டிசாலுக்குச் சில நிமிடம் தேவை என்று முன்பே பார்த்தோமே, அந்த இடைவெளிக்குள் எடுத்தால் நிஜமான அன்றாட மட்டம் கிடைக்கும். நாள் முழுவதும் ஒழுங்காக ஏறி இறங்கும் பொருள் என்பதால் எல்லாக் குரங்கிடமும் ஒரே வேளையில் எடுக்க வேண்டும். அன்றைக்குச் சண்டை போட்டிருக்கக் கூடாது, நோய்வாய்ப்பட்டிருக்கக் கூடாது, இணை சேர்ந்திருக்கக் கூடாது. பக்கத்துக் குரங்குகளும் பார்த்துவிடக் கூடாது. இப்படி ஒரு பபூனுக்காக நாள்கணக்கில் ஒளிந்து திரிந்து, கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஆண்டுதோறும் அங்கே போய்வந்தார் மனிதர். பொறுமைக்குத் தனிப் பரிசு இருந்தால் இவருக்குக் கொடுக்கலாம்.

பபூன்களை ஏன் தேர்ந்தெடுத்தார் என்பதற்கு அவர் சொல்லும் காரணம் நம்மை உறுத்தும். அந்தப் புல்வெளியில் அவற்றுக்கு உணவுக்குப் பஞ்சமில்லை. ஒரு நாளில் நாலைந்து மணி நேரம் மேய்ந்தால் வயிறு நிறைந்துவிடும். மிச்சப் பொழுதெல்லாம் ஒன்றையொன்று படுத்தி எடுக்கத்தான். வரிசையில் மேலே இருப்பது தனக்கு அடுத்ததை அடிக்கும். அடி வாங்கியது திருப்பி அடிக்க முடியாமல், தனக்குக் கீழே இருப்பதைத் தேடிப்போய்க் கடிக்கும். அது ஒரு பெண்ணின் மேல் பாயும், அந்தப் பெண் ஒரு குட்டியின் மேல். அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

சபோல்ஸ்கிக்குக் கிடைத்த விடை இது. கூட்டத்தின் ஏறுவரிசை நிலையாக இருக்கும் காலத்தில், கீழ்ப்படியில் உள்ள ஆண்களின் அன்றாடக் கார்டிசால் மட்டம் மேல்படியில் உள்ளவற்றைவிட அதிகம். இன்னொன்றும் தெரிந்தது. உண்மையான ஆபத்து வந்தபோது மேல்படிக் குரங்குகளின் கார்டிசால் வேகமாக மேலே போனது. கீழ்ப்படிக் குரங்குகளில் அவ்வளவு துடிப்பில்லை. ஏற்கெனவே பாதி நிறைந்து கிடக்கும் தொட்டியில் அவசரத்துக்கு எவ்வளவு ஏற்ற முடியும்? அவர் டெக்ஸாமெத்தசோனையும் ஊசியில் போட்டுப் பார்த்தார். அது ‘போதும்’ என்ற செய்தியைச் செயற்கையாக மூளைக்குச் சொல்லும் மருந்து. மேல்படிக் குரங்குகளில் சுரப்பு ஒழுங்காகக் குறைந்தது. கீழ்ப்படிக் குரங்குகளில் அந்த அளவுக்குக் குறையவில்லை. அட்ரினல் சுரப்பியில் கோளாறு இல்லை, மிதவைதான் மந்தமாகியிருந்தது.

கார்டிசால் மட்டும் தனியாக ஏறி இறங்குவதில்லை. மயக்க ஊசி பட்ட பிறகான முதல் ஒரு மணி நேரத்தில் கீழ்ப்படி ஆண்களின் டெஸ்டோஸ்டீரோன் விழுந்தது; மேல்படி ஆண்களில் அதே ஊசிக்குச் சற்று நேரம் ஏறவே செய்தது. பெண் குரங்குகளின் கதை இன்னும் கடுமை. அமெரிக்காவின் வட கரோலைனாவில் நண்டு தின்னும் குரங்குகளைக் கூண்டுக் குழுக்களாக வைத்து ஜே கேப்லன், கேரல் ஷைவ்லி ஆகியோர் நடத்திய ஆய்வுகளில், கீழ்ப்படிப் பெண்களின் சூலகங்கள் சரியாக வேலை செய்யவில்லை. மாதச் சுழற்சி நடப்பதுபோல் தெரிந்தாலும் பல மாதங்களில் கருமுட்டை வெளிவராது. இதயத்து இரத்தக் குழாய்களில் கொழுப்பு அடைப்பும் அவற்றில் அதிகம் இருந்தது.

ஆக, கீழே இருந்தால் அழுத்தம், மேலே இருந்தால் நிம்மதி என்று முடித்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம். சபோல்ஸ்கியின் கூட்டத்திலேயே ஒரு கட்டத்தில் ஏறுவரிசை குலைந்து, யார் பெரியவன் என்று தினமும் சண்டை நடந்தது. அப்போது மேல்படிக் குரங்குகளின் சொகுசு மட்டம் காணாமல்போனது. இடம் எது என்பதைவிட, அந்த இடம் நாளைக்கும் இருக்குமா என்பது இரத்தத்தில் தெரிந்தது.

அதே கென்யாவில், கிளிமஞ்சாரோ மலையடிவாரத்தில் அம்போசெலி என்ற இடம் இருக்கிறது. அங்கே ஜீன் ஆல்ட்மனும் அவர் சகாக்களும் 1971 முதல் பபூன்களைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். இந்த அளவீட்டுக்கு ஊதுகுழல் தேவையில்லை. குரங்கு போட்ட சாணத்தை அள்ளி வந்து அதிலுள்ள ஹார்மோன் எச்சத்தை அளப்பார்கள். குரங்குக்கு ஒரு தொந்தரவும் இல்லை, ஆய்வாளரின் மூக்குக்குத்தான் கஷ்டம். ஐந்து கூட்டங்களில் 125 ஆண்களை ஒன்பது ஆண்டுகள் அளந்து, 2011இல் வெளியிட்ட முடிவு பலரைத் திகைக்க வைத்தது. பொதுவாகப் படி ஏற ஏறக் கார்டிசால் வகை ஹார்மோன்கள் குறைந்தன. ஆனால் உச்சியில் இருக்கும் முதல்வனுக்கு மட்டும், கடைசிப் படியில் இருப்பவனுக்கு இணையான உயரம். பெண்களைக் காவல் காப்பதும் போட்டியாளர்களைத் துரத்துவதுமாக அதற்குச் செலவு அதிகம். முதல்வனுக்கு இருக்கும் வசதிகளில் பெரும்பாலானவற்றை அனுபவித்துக்கொண்டு, இந்தச் செலவு இல்லாமல் இருந்தது இரண்டாம் இடத்துக் குரங்கு. எனக்கு ஒரு படியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் யோசிக்காமல் அதைத்தான் கேட்பேன்.

பிரேசிலின் மார்மோசெட் குரங்குகளிடம் போனால் கணக்கு தலைகீழ். கையளவே இருக்கும் இந்தக் குரங்குகளின் குடும்பத்தில் பெரும்பாலும் ஒரு பெண்தான் குட்டி போடும். மற்றவை குட்டிகளைச் சுமந்து உதவும். அங்கே கீழ்ப்படிப் பெண்களின் கார்டிசால், தலைவியினுடையதைவிடக் குறைவு. யாரும் அவற்றை ஓயாமல் அடிப்பதில்லை, சுற்றிலும் சொந்தக்காரர்கள். பல குரங்கினங்களை ஒப்பிட்டு 2003இல் வந்த ஓர் ஆய்வு இரண்டு கேள்விகளைத்தான் முக்கியம் என்றது. கீழே இருப்பவருக்கு எவ்வளவு அடிக்கடி தொல்லை வருகிறது? தாங்கிக்கொள்ளச் சொந்தபந்தம் இருக்கிறதா?

சொந்தபந்தம் என்றதும் போட்ஸ்வானாவுக்குப் போக வேண்டும். ஒகவாங்கோ கழிமுகத்தின் மொரேமி பகுதியில் டோரதி செனி, ராபர்ட் செய்ஃபார்த் தம்பதி ஆண்டுக்கணக்கில் பபூன்களோடு நடந்தார்கள். அங்கே பபூன்களைச் சிங்கமும் சிறுத்தையும் அடிக்கடி அடித்துத் தின்றன. சாவை நேரில் பார்த்த எல்லாப் பெண்களுக்குமே கார்டிசால் வகை ஹார்மோன்கள் ஏறியிருக்க வேண்டும் அல்லவா? இல்லை. நெருங்கிய உறவைப் பறிகொடுத்த பெண்களுக்குத்தான் அடுத்த நான்கு வாரங்களில் ஏறியிருந்தது, மற்றவற்றுக்கு ஏறவில்லை. துக்கம் என்ற சொல்லைக் குரங்குக்குச் சூட்ட ஆய்வாளர்கள் தயங்குவார்கள். நாம் டீ குடித்துக்கொண்டு பேசுகிறவர்கள், சூட்டிக்கொள்ளலாம்.

பறிகொடுத்த பெண்கள் அதற்குப் பிறகு செய்ததுதான் இன்னும் சுவையானது. முன்பைவிட அதிக நேரம், முன்பைவிட அதிகம் பேருக்குப் பேன் பார்க்கத் தொடங்கின. சில்வியா என்று பெயர் வைத்திருந்த ஒரு மேல்படிப் பெண், கீழே இருப்பவற்றை ஏறெடுத்தும் பாராத கர்வி. மகள் சியராவைச் சிங்கம் கொண்டுபோன பிறகு, தனக்கு வெகு கீழே இருந்த பெண்ணிடம் தானாகப் போய் உட்கார்ந்து பேன் பார்த்தது. இப்படிப் புதுத் துணை தேடிக்கொண்ட பெண்களின் ஹார்மோன் மட்டம் விரைவில் பழைய நிலைக்கு இறங்கியது.

கேட்டுக்கொண்டு வந்தவர்களில் ஒருவராவது இந்நேரம் ஒரு சந்தேகம் எழுப்பியிருக்க வேண்டும். கீழே இருப்பதால் உடம்பு கெடுகிறதா, உடம்பு கெட்டதால் கீழே இருக்கிறதா? நல்ல கேள்வி. காட்டில் இதற்குப் பதில் சொல்வது கடினம். வட இந்தியாவில் கோயில்களிலும் ரயில் நிலையங்களிலும் திரியும் ரீசஸ் குரங்குகளை வைத்து அமெரிக்காவில் பதில் தேடினார்கள். இந்த இனத்தில் பெண்ணின் படி தாயிடமிருந்து வருவது. ஆனால் அறிமுகமில்லாத பெண்களை ஒவ்வொன்றாகப் புதுக் குழுவில் விட்டால், முதலில் வந்தது மேலே, கடைசியில் வந்தது கீழே என்று ஆகிவிடும். 45 பெண்களை ஐந்தைந்தாகப் பிரித்து இப்படிச் செய்தார்கள். பிறகு கலைத்து, வரிசையை மாற்றி மறுபடி சேர்த்தார்கள். அதே குரங்கு, வேறு படி. 2016இல் வந்த முடிவின்படி, படி மாறியதும் நோய் எதிர்ப்பு அணுக்களின் மரபணுக்கள் வேலை செய்யும் விதமும் மாறியது. கீழே போனால் வீக்கத்தைத் தூண்டும் பக்கம் சாய்ந்தது, மேலே வந்தால் அது தணிந்தது. பிறவியில் எழுதி வைத்ததல்ல என்பது இதிலிருந்து தெளிவு.

படியை மாற்றாமல் ஊரையே மாற்றினால்? யாரும் திட்டமிடாமல் அந்தச் சோதனையும் நடந்தது. 1980களின் நடுவில், சபோல்ஸ்கி கவனித்துவந்த கூட்டத்தின் முரட்டு ஆண்கள் ஒரு சுற்றுலா விடுதியின் குப்பைமேட்டுக்குச் சண்டை போட்டுச் சாப்பிடப் போய்வந்தன. நோயுற்ற இறைச்சியிலிருந்து அங்கே காசநோய் பரவி, போய்வந்தவை இறந்தன. கூட்டத்து ஆண்களில் ஏறத்தாழ பாதி போய்விட்டன. மிஞ்சியவை சாதுக்கள். ஏறுவரிசை அப்படியே இருந்தது, ஆனால் கீழே இருப்பவற்றைத் துரத்தித் துரத்தி அடிப்பது குறைந்தது. பேன் பார்ப்பது கூடியது. 1993இல் திரும்பிப் பார்த்தபோது அந்தச் சாது ஆண்களில் ஒன்றுகூட இல்லை. வெளியிலிருந்து வந்து சேர்ந்த புது ஆண்கள்தான் இருந்தன. இருந்தும் குணம் மாறவில்லை. வந்தவை அந்தக் கூட்டத்தின் வழக்கத்துக்குப் பழகியிருந்தன. அங்கே கீழ்ப்படி ஆண்களின் இரத்தத்தில், மற்றக் கூட்டங்களில் காணும் மன அழுத்தத் தடயங்கள் இல்லை.

இனி உங்களுக்கு ஒரு வார்த்தை. யாராவது ஆய்வுக்கூடத்துத் தாளைக் காட்டி, “எனக்குக் கார்டிசால் அதிகமாம்” என்றால், எத்தனை மணிக்கு எடுத்தது என்று முதலில் கேளுங்கள். காலை எட்டு மணி அளவையும் இரவு அளவையும் ஒரே கோலால் அளக்க முடியாது. கார்டிசாலைக் குறைக்கும் என்று விளம்பரம் செய்யும் பொடிகளை மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். வெகுநாளாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இருந்தால், அதைத் திடீரென்று நிறுத்த விடாதீர்கள். வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த மருந்தை நம்பி அட்ரினல் சுரப்பி உறங்கிப்போயிருக்கும். அது விழித்துக்கொள்ள அவகாசம் கொடுத்து, மருத்துவர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.